அட்மின் கையில் பிரபலத்தின் கணக்கு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வந்தவை

லட்சக்கணக்கானோர் பின்தொடரும் சமூக ஊடகக் கணக்கை ஒரே ஆள் ஓட்டுவது அபூர்வம். மேனேஜர், பி.ஆர். ஆள், டிசைனர், விளம்பர நிறுவனத்துக்காரர் என்று நாலைந்து கைகள் அதில் இருக்கும். முதல் மாதம் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தோன்றும். வருஷக்கணக்கில் ஓட்டினால்தான் எது தாங்கும், எது காலை வாரும் என்று பிடிபடும். ஏடாகூடமாகப் பேசி மாட்டுவதைவிட, நல்ல பதிவைத் தப்பான போனிலிருந்தோ தப்பான நேரத்திலோ போட்டு மாட்டுவதே அதிகம்.

முதலில் சாவி யாரிடம் என்ற விஷயம். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் 'டெலிகேட்' வசதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பாஸ்வேர்டைச் சொல்லாமலே அணியைச் சேர்க்கலாம். அட்மின், கான்ட்ரிபியூட்டர் என்று இரண்டு நிலைகள் உண்டு. ஆள் வேலையை விட்டுப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் முடிந்தது. இன்ஸ்டாகிராம் அவ்வளவு வசதியாக இல்லை. அதன் தாய் நிறுவனமான மெட்டாவின் நிர்வாகக் கருவி 'பிசினஸ் சூட்' வழியாகப் பதிவு, கமென்ட், மெசேஜ் எல்லாம் பார்க்கலாம்தான். ஆனால் லைவ் போக வேண்டும், ஸ்டோரியை நினைத்தபடி அலங்கரிக்க வேண்டும் என்றால் செயலிக்குள்தான் போகவேண்டும். கடைசியில் பாஸ்வேர்டைப் பகிர்வதில் வந்து நிற்கும்.

அப்படிப் பகிரும் இடத்தில் ஓடிபி பிரபலத்தின் சொந்த எண்ணுக்குப் போகும்படி வைப்பது பெரிய தலைவலி. அவர் படப்பிடிப்பில் இருப்பார், இங்கே பதிவு காத்திருக்கும். அதைவிட மோசம், எஸ்எம்எஸ்-ஐ நம்புவதே. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கே அவருடைய போன் எண்ணைத் திருடித்தான் கைப்பற்றப்பட்டது. எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியே சரி. அமைக்கும்போது திரையில் வரும் கியூஆர் குறியீட்டை அப்போதே இரண்டு போன்களில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். ஒன்று ஒருமுறைதான் செல்லும். இத்தனைக்குப் பிறகும் முழுப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ் உட்பட 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டபோது ஏமாந்தது ட்விட்டர் ஊழியர்கள். நிறுவனத்தின் உள்கருவிகள் வழியாகவே ஹேக்கர்கள் புகுந்துவிட்டார்கள்.

அடுத்தது போன். இன்ஸ்டாகிராமில் கீழே வலது ஓரத்தில் இருக்கும் முகப்படத்தை இரண்டு தட்டு தட்டினால் கணக்கு மாறிவிடும். ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அட்மினுக்கு இது கண்ணில் படாது. சொந்தக் கணக்கில் போட நினைத்த கிண்டல் நட்சத்திரத்தின் பெயரில் போய் உட்காரும். எனவே வேலைக்குத் தனிப் போன், அதில் ஒரே ஒரு கணக்கு. போன் எந்த பிராண்டு என்பதும் முக்கியம். 2013-இல் பிளாக்பெர்ரி போன் நிறுவனத்தின் கிரியேட்டிவ் டைரக்டராக இருந்த பாடகி அலிசியா கீஸ் கணக்கிலிருந்து ஒரு ட்வீட் ஐபோன் வழியாகப் போனது ஊரறிந்த கதை. ட்வீட்டுக்குக் கீழே சாதனப் பெயர் காட்டும் வழக்கம் 2022 இறுதியில் போய்விட்டது. ஆனாலும் ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பட்டையும் கண்ணாடி செல்ஃபியும் காட்டிக்கொடுக்கும்.

காப்பி-பேஸ்ட் தனி ரகம். 2016-இல் அமெரிக்க ரியாலிட்டி டிவி நட்சத்திரம் ஸ்காட் டிஸிக் ஒரு புரோட்டீன் ஷேக் விளம்பரத்தைப் போட்டபோது, "மாலை 4 மணிக்குக் கீழே உள்ளதை எழுதவும்" என்ற பொருளில் வந்த ஏற்பாட்டு வரியும் சேர்ந்தே போய்விட்டது. தப்பிக்க எளிய வழி உண்டு: குறிப்பு ஒரு மெசேஜ், கேப்ஷன் மட்டும் தனி மெசேஜ். ஒட்டியபின் முதல் வரியையும் கடைசி வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

ஷெட்யூல் வசதி நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதற்கு ஊர் நிலவரம் தெரியாது. இன்ஸ்டாகிராம் செயலியிலேயே 75 நாள் வரை முன்கூட்டிப் போட்டு வைக்கலாம். ஒரு விபத்தோ மரணமோ நடந்த அன்று, சிரித்த முகத்தோடு விளம்பரம் தானாக வெளியே போகும். செயலியில் சில, பிசினஸ் சூட்டில் சில என்று பிரித்துப் போட்டால் ஒன்றை நிறுத்தி மற்றதை மறப்பது நிச்சயம். ஒரே இடம், காலையில் ஒரு பார்வை.

கமென்ட் வடிகட்டிதான் தமிழ்க் கணக்குகளுக்கு அதிக வேலை வைக்கிறது. வசைச்சொல்லைப் பட்டியலில் சேர்த்தால் போதும் என்பார்கள். 'லூசு' என்று சேர்க்கிறீர்கள். வருவது 'லூசே', 'லூசுப்பய', 'லூசாடா'. அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களிடம் ஏழெட்டு விதம். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்த்தாக வேண்டும், வாரம் ஒருமுறை நழுவி வந்தவற்றையும் சேர்க்க வேண்டும். ஒருவரே விடாமல் வம்பு செய்தால் பிளாக் வேண்டாம், 'ரெஸ்ட்ரிக்ட்' போதும். அவர் கமென்ட் அவருக்கு மட்டும் தெரியும். பிளாக் செய்ததைப் படமெடுத்துப் பெருமை பேசவும் வழியில்லை. கூட்டமாக வந்து திடீர்த் தாக்குதல் நடத்தும் நாளில், பின்தொடராதவர்களின் கமென்ட், மெசேஜைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும் 'லிமிட்ஸ்' நன்றாகவே தாங்குகிறது.

தப்பான பதிவை அவசரத்தில் அழிக்காதீர்கள். 'ஆர்க்கைவ்' செய்தால் மற்றவர் கண்ணில் படாமல் லைக், கமென்டோடு பத்திரமாக இருக்கும், திரும்பக் கொண்டுவரலாம். அழித்தால் 30 நாள்தான் அவகாசம். விளம்பரம் என்றால் அடையாளம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்டோ பதிவில் விளம்பர ஹாஷ்டேக் போட்டிருந்தார். வாங்கிய 2,50,000 டாலரைச் சொல்லாததால் 2022 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தோடு 12.6 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று.

பதிவில் பேசுவது பிரபலமா அணியா என்ற குரல் விஷயத்தில் ஒபாமா அணி 2011-இல் தொடங்கிய முறை இன்றும் உருப்படியானது: அவரே எழுதியதற்கு மட்டும் பெயரின் முதலெழுத்துகள். இதைத் தொடங்கினால் அணி ஒருநாளும் அந்தக் கையெழுத்தைத் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால், "அட்மின், போய்த் தூங்குங்க" என்ற கமென்ட்தான் முதலில் மேலே ஏறும்.