புத்தகம் இருக்கிறது, ஆள்தான் இல்லை

மூன்று வருடமாக நான் போய்வரும் சட்டக் கல்லூரி நூலகம் இது, கல்லூரிப் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், அந்த மூன்றும் அங்கே இருக்கும் நூலகர் அக்காவுக்காக.

புத்தகத்துக்குக் குறைவில்லை. ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி., எம்.எல்.ஜே. என்று தீர்ப்புத் தொகுப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, மனுபத்ரா என்ற ஆன்லைன் சட்ட டேட்டாபேஸும் உண்டு. ஆனால் காலையில் இரண்டு பேர், மதியத்துக்கு மேல் அக்கா மட்டும்தான். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி) சமயத்தில் வரிசை வாசல் வரை நிற்கும், புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அபராதம் வசூலிப்பது, பாக்கி இல்லை என்கிற நோ டியூ சான்றில் கையெழுத்துப் போடுவது, பாஸ்வேர்டு மறந்தவனுக்கு மாற்றித் தருவது என்று அத்தனையும் அவர் தலையில்தான்.

போன மாதம் மூட் கோர்ட்டுக்கான எழுத்து வாதமான மெமோரியல் எழுத, கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேண்டியிருந்தது. 1973 ஏ.ஐ.ஆர். வால்யூம் இடத்தில் இல்லை. இரண்டு நாளாக எடுத்துப் படித்ததெல்லாம் மேசைகளில் அப்படியே குவிந்து கிடந்தது, அடுக்க ஆள் கிடையாது. அரை மணி நேரம் தேடிவிட்டு அக்காவிடம் போனேன். அபராத ரசீது எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "1461-ஆம் பக்கம்தானே? எஸ்.சி.சி. 1973, நாலாவது வால்யூம், 225-ஆம் பக்கத்துல பாருப்பா, அதே தீர்ப்புதான்" என்றார். இருந்தது! இப்படிப்பட்டவரை ரசீது கிழிக்க உட்கார வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அப்புறம் புதிய சட்டங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐ.பி.சி.) பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 போய் 103 ஆகிவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி.தான் என்பதால் இரண்டுமே வேண்டும். வாங்கிய புதுப் புத்தகங்களோ பல வாரம் கட்டுப் பிரிக்காமல் கவுன்டருக்குப் பின்னால் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் வரவு எண் போட்டு, முத்திரை குத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் ரேக்குக்கு வரும், அவருக்கு ஏது நேரம்?

நிர்வாகம் தயவுசெய்து மாலைக்கு ஒரு நூலக உதவியாளரையும் அடுக்குவதற்கு ஒருவரையும் போட வேண்டும். புது டேட்டாபேஸ் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

ஜூனியர்களுக்கு: சந்தேகம் கேட்பதானால் காலையிலேயே போய்விடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதுமென்றால் அந்த நீதிமன்றத்தின் ஆன்லைன் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். இலவசம். படித்த வால்யூமைத் தள்ளுவண்டியில் வையுங்கள், நீங்களே ரேக்கில் செருகாதீர்கள், இடம் மாறிப் போனால் தொலைந்த மாதிரிதான்.