கீறல் விழுந்த காருக்கு கிளைமா, கைக்காசா?

நிறுத்தி வைத்திருந்த காரின் இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும் யாரோ ஆணியால் நீளமாகக் கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். விரலை ஓட்டினால் நகம் சிக்கும் ஆழம், பாலிஷுக்கு அடங்காது. ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டிங்குக்கு 7,000 ரூபாய் கேட்டார்கள். இன்சூரன்ஸ் கிளைம் போடாமல் கையிலிருந்தே கொடுத்தேன்.

அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, பைசா வராது. நம் வண்டிக்கும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் என்றால் விஷமிகள் செய்த சேதத்துக்கும் பணம் உண்டு. ஆனால் முழுதாகக் கிடைக்காது. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காமல் இருக்கக் கூடுதல் பணம் கட்டி எடுக்கும் ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் இல்லையென்றால் பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து, அதில் பாதியையும் கழிப்பார்கள். என் 7,000-இல் கைக்கு வருவது 5,125.

சரி, அதுவும் லாபம்தானே என்று தோன்றும். கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் அங்கேதான் குறுக்கே வருகிறது. நம் மேல் துளி தவறு இல்லாவிட்டாலும், ஒரே ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகிவிடும். அப்புறம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று முதல் படியிலிருந்து ஏற வேண்டும். தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இதில் சம்பந்தமில்லை, நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் ஓன் டேமேஜ் பகுதியில்தான் அடி. தள்ளுபடிக்கு முன் அது 10,000 ரூபாய், நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். கிளைமுக்குப் பிறகு வருடாவருடம் 5,000, 3,000, 2,500, 1,500, 500 என்று கூடுதலாகக் கட்டுவீர்கள். மொத்தம் 12,500, ஜிஎஸ்டி இருந்தால் அது தனி. வண்டியின் மதிப்பு இறங்க இறங்கப் பிரீமியமும் இறங்கும், ஆகவே நிஜத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 5,125-க்காக இதை விடுவதா?

புது வண்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். போனஸ் காருக்கு இல்லை, உரிமையாளருக்கு. 50 சதவீதத்தில் இருந்தால், புது வண்டியின் பெரிய ஓன் டேமேஜ் பிரீமியத்திலும் அது பாதியைக் குறைக்கும்.

கிளைம்தான் சரி என்ற இடங்களும் உண்டு. எல்லாக் கண்ணாடிகளையும் உடைத்து, பானெட்டையும் நசுக்கியிருந்தால் தயங்காதீர்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. அதே பாலிசி வருடத்தில் ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டிருந்தாலும் போனஸ் போனது போனதுதான், இதையும் போடலாம். முதல் வருடப் பாலிசிக்காரர்களுக்கு இழப்பு குறைவு: அதே கணக்கில் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாய். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆனும் இருக்கிறது. நான் எடுத்துப் பார்த்ததில்லை, எத்தனை கிளைம் வரை தாங்கும் என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளைம் என்று முடிவெடுத்தால் சேதத்தைப் படம் எடுத்து, போலீஸில் புகார் கொடுத்து, கம்பெனிக்கும் உடனே சொல்லிவிடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை பெயிண்டர் கை வைக்கக் கூடாது.