ஒற்றை அறை வீட்டை ‘ஸ்டூடியோ’ என்றார்கள், 18,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

நேற்று சாயங்காலம் அந்த ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்புக்காரர்கள் வாட்ஸ்அப்பில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். மூன்று வாரமாக நான் அனுப்பிய செய்திக்கெல்லாம் இரண்டு டிக்காவது விழுந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து ஒரே டிக்கில் நிற்கிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கடற்கரை ஊர்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போக நினைக்கிற பெண்கள் எல்லாரும் படியுங்கள். எப்படி ஏமாந்தேன் என்பதையும் எப்படித் தப்பிக்கலாம் என்பதையும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாம்பன். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் பாசி எடுக்கப் போவேன். பாறையில் பாசி பிடுங்குகிறவர்களுக்குத் தெரியும், விரலில் எவ்வளவு துணி சுற்றினாலும் வெட்டுப்படும், ராத்திரி சோறு பிசையும்போது எரியும். பத்து வருஷமாக இதே வேலை. ராமேஸ்வரத்தில் ஹோட்டல்கள் பெருகிவிட்டன, அறை சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள், நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தால் கூடுதல் சம்பளம் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அவரும் வீட்டில், நானும் வீட்டில். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோனில் அந்த விளம்பரம் வந்தது. ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிற நிறுவனம். பேரைப் போடவில்லை, இன்றைக்கு இந்தப் பேர், அடுத்த மாதம் வேறு பேரில் வருவார்கள். வகையைத் தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். வீட்டு வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தேவையான ஆங்கிலம், வீட்டு வகைகள், அறைகளின் பெயர்கள், எல்லாம் தமிழில் விளக்கம், முடித்ததும் சான்றிதழ், இன்டர்வியூவுக்கு அவர்களே அனுப்புவார்கள், முதல் வகுப்பு இலவசம். இதுதான் விளம்பரம்.

அந்த இலவச வகுப்பில்தான் நான் விழுந்தேன். வீடியோ காலில் ஆறு பெண்கள் இருந்தோம். டீச்சர் அம்மா ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். ஒரு பெண் மாடி வீடு என்றாள், இன்னொருத்தி மூன்று பெட்ரூம் என்றாள். என் முறை வர வர எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீடு சிமென்ட் ஷீட் போட்ட ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் கட்டில், கட்டிலுக்கு அடியில் வலை. கழிப்பறை வெளியே தட்டி மறைப்பில். ஃபோனைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “ஒன்லி ஒன் ரூம் மேடம்” என்றேன்.

“எதுக்கு அக்கா ஒன்லின்னு சொல்றீங்க?” என்று கேட்டார். “சமையல், படுக்கை, உட்கார்றது எல்லாம் ஒரே அறையில இருந்தா அதுக்கு ஸ்டூடியோன்னு பேரு. வெளிநாட்டுல பெரிய பெரிய ஊர்ல எல்லாம் படிச்சவங்க அதுலதான் இருக்காங்க. ஐ லிவ் இன் எ ஸ்டூடியோ. தலையை நிமிர்த்திச் சொல்லுங்க அக்கா.”

சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள், கை தட்டினாள். யாராவது வீடு எத்தனை அறை என்று கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டியவள் நான். என் வீட்டுக்கும் ஒரு மரியாதையான பேர் இருக்கிறது என்று அன்றைக்கு ஒருத்தர் சொன்னார். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் 18,500 ரூபாய் கொடுத்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தார். நாம் ஹால் என்று சொல்வது லிவிங் ரூமை, இங்கிலாந்தில் ஹால் என்றால் வாசல் கதவைத் திறந்ததும் வருகிற நடை. அது சரிதான், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இப்படி ஒன்றிரண்டு சரியானதை இலவசமாகக் கொடுத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஒரு பெண் ஃபோன் செய்தாள். வார்த்தைக்கு வார்த்தை அக்கா. “இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ஃபீஸ் அக்கா, நாளைக்குக் கூடிரும்” என்றாள். 60 நேரடி வகுப்பு, அச்சடித்த புத்தகம், சான்றிதழ், வேலை. தடைக்கால நிவாரணமாக வந்த 8,000 ரூபாய் கையில் இருந்தது. மகளிர் குழுவில் 6,000 கடன் வாங்கினேன். மகளுடைய தோட்டை அடகு வைத்து 4,500. அவர் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. “உனக்குப் பிடிச்சா சேரு” என்றார். யுபிஐ-யில் அனுப்பும்போது யாரோ ஒரு ஆளின் சொந்தப் பேர் காட்டியது. கேட்டேன். “அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேரு அக்கா, பயப்படாதீங்க” என்றாள். ரசீது கேட்டதற்கு மெயிலில் வரும் என்றாள். இன்று வரை வரவில்லை.

60 நேரடி வகுப்பில் நடந்தது இரண்டு, அதுவும் இருபது இருபது நிமிஷம். முதல் நாள் பேசிய டீச்சரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. மீதியெல்லாம் பழைய வீடியோ. அச்சடித்த புத்தகம் என்பது வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப். ஜெராக்ஸ் கடையில் என் காசில் பிரின்ட் எடுத்தேன், 64 பக்கம்.

அதை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ட்ராயிங் ரூமுக்கு நேரே ‘ஓவியம் வரையும் அறை’ என்று போட்டிருக்கிறது. விருந்தாளிகளை உட்கார வைக்கிற அறை அது, சாப்பிட்டு எழுந்து ஒதுங்கிப் போகிற அறை என்ற அர்த்தத்தில் முதலில் வித்ட்ராயிங் ரூம் என்று இருந்து, பிறகு சுருங்கியது. வரைவதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மட் ரூமுக்கு ‘மண்ணால் கட்டிய அறை’. சேறு பட்ட செருப்பையும் கோட்டையும் கழற்றி வைக்கிற இடம் அது. பவுடர் ரூமுக்கு ‘பவுடர் வைக்கும் அறை’. விருந்தாளிகளுக்கான சின்னக் கழிப்பறைதான் பவுடர் ரூம். மொபைல் ஹோமுக்கு ‘கைபேசி வீடு’! இடம் விட்டு இடம் நகர்த்துகிற வீடு அது. கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்ததை ஒரு ஆள் படித்துக்கூடப் பார்க்காமல் 18,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். நான் அதை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். மகள் என்னிடம் கேள்வி கேட்பாள், நான் ஒப்பிப்பேன்.

இன்டர்வியூவுக்கு அவர்கள் அனுப்பவில்லை. சான்றிதழ் மட்டும் மெயிலில் வந்தது, அதிலும் என் இனிஷியல் தப்பு. நானே ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலில் விசாரித்துப் போனேன். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வயசானவர், தன்மையான மனுஷர். ட்வின் ரூமில் எத்தனை கட்டில் போடுவாய் என்று கேட்டார். புத்தகத்தில் ட்வின் ரூம் என்றால் உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகள் என்று இருக்கிறது. அப்படியே சொன்னேன். டபுள் ரூம்? ‘இரண்டு அறைகள்’ என்று சொன்னேன். சூட் ரூம் சுத்தம் செய்யவும் தெரியும் சார் என்று நானாக வேறு சேர்த்துச் சொன்னேன், புத்தகத்தில் அப்படித்தான் தமிழில் எழுதியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, ஒரு பேப்பரில் கட்டம் போட்டுக் காட்டினார். டபுள் ரூமில் இரண்டு பேருக்கு ஒரே பெரிய கட்டில். ட்வின் ரூமில் இரண்டு தனித்தனிக் கட்டில். நடுவில் கதவு இருந்தால் கனெக்டிங் ரூம், வெறுமனே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அட்ஜாயினிங் ரூம். படுக்கை அறையோடு தனியாக உட்காரும் இடமும் இருப்பதை ஸ்வீட் என்று சொல்ல வேண்டும், எழுத்தைப் பார்த்து சூட் என்று சொல்லக்கூடாது. அமெரிக்காக்காரர் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் அது நம்முடைய கிரவுண்ட் ஃப்ளோர், அதனால் மாடிக்கு ஓடிவிடாதே என்றார். பத்து நிமிஷம் இருக்கும். 18,500 ரூபாய்க்கு நான் தெரிந்துகொள்ளாததை அவர் காசு வாங்காமல் சொல்லித் தந்தார். “படிச்சிட்டு வாம்மா, இந்தத் தடவை ஆள் எடுத்தாச்சு” என்று அனுப்பிவைத்தார். தங்கச்சிமடம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தேன்.

அன்று ராத்திரி குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிற என் பெரியம்மா மகளுக்கு ஃபோன் போட்டேன். “திவானியான்னா என்னன்னு உன் புக்குல இருக்காடி?” என்று கேட்டாள். அங்கே ஆண்கள் கூடிப் பேசுகிற, விருந்தாளிகளை உட்கார வைக்கிற இடம் அது, தினமும் அதைத்தான் முதலில் துடைக்க வேண்டுமாம். என் புத்தகத்தில் அந்த வார்த்தையே இல்லை. வில்லா என்ற வார்த்தையாவது இருந்தது, அதற்கு நேரே ‘கிராமம்’ என்று எழுதியிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்ததும் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் நாள், என்னைச் சேர்த்துவிட்ட அந்தப் பெண் “அக்கா, நான் மேலிடத்துல பேசுறேன்” என்றாள். இரண்டாம் நாள் ஒரு புகார் எண் அனுப்பி, 48 மணி நேரம் என்றார்கள். 48 மணி நேரம் கழித்து வேறு குரல், “மேடம், நீங்க வீடியோ ஓப்பன் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது” என்றது. அதே பழைய பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினால் அவளும் மேடம் என்கிறாள். அக்கா எப்போது மேடமாக மாறினேன் என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டாள். தப்பான பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். “எடிட்டிங் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணிருக்கோம்” என்று பதில். அதற்கு அடுத்த வாரம் கணக்குப் பிரிவில் ஆள் லீவு. அதற்கும் அடுத்த வாரம் சர்வர் வேலை செய்யவில்லை. 18,500 ரூபாய் அம்மா அது, என் மகள் காதில் இன்றைக்கும் வேப்பங்குச்சிதான் இருக்கிறது என்று குரல் பதிவு போட்டேன். அதைக் கேட்டார்கள், நீல டிக் விழுந்தது. நேற்று பிளாக்.

எனக்கு இதைவிட வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. வகுப்பு குரூப்பில் முதல் வாரம் எல்லாரும் பேசலாம் என்று இருந்தது, பிறகுதான் பூட்டிவிட்டார்கள். அதில் எண் எடுத்துத் தொண்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் பேசினேன். ஓலை வீடு, ஒரே அறை. இலவச வகுப்பில் அவளிடமும் தலையை நிமிர்த்தி ஸ்டூடியோ என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அதே வார்த்தைகள், ஒன்லி என்று ஏன் சொல்கிறீர்கள் என்பது வரைக்கும். ஸ்டூடியோ என்ற வார்த்தை உண்மைதான், ஆனால் அதற்குத் தனியாகக் குளியலறை உள்ளேயே இருக்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வெட்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு அங்கேயே தூண்டில் போட்டிருக்கிறார்கள்.

சரி, தப்பிக்கிற வழி எழுதுகிறேன் என்றேன். நிறைய எழுத நினைத்தேன், நேரம் இல்லை. தனி ஆள் பேருக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். இன்றைக்கு மட்டும் இந்த ஃபீஸ் என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் கட்டும் முன் புத்தகத்தில் பத்துப் பக்கம் கேட்டு வாங்கி, ஹோட்டலிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கிற யாரிடமாவது காட்டுங்கள். வெளிநாட்டு வேலை என்று சொன்னால் பதிவு செய்த ஏஜென்ட்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் கூப்பிட்டபோது நாள் ரொம்பக் கடந்துவிட்டது, உடனே கூப்பிட்டால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் பதிவு செய்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத முடியாது. எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு நேற்று அதே இலவச வகுப்பு நடந்திருக்கிறது, இன்று ராத்திரிக்குள் 18,500 கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் இப்போதுதான் வந்து சொல்கிறாள். நான் அங்கே போகிறேன்.