பெரியவர்களுக்கான ஆட்டிசம் மதிப்பீடு: போய் வந்தபின் ஒரு ரிவ்யூ

ஐந்துக்கு மூன்றரை. கடைசி வரி வரைக்கும் காக்க வைக்கும் ரிவ்யூக்கள் எனக்கு ஆகாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மதிப்பீடு செய்த சைக்காலஜிஸ்டுக்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் நாலரை போடுவேன், அந்த மையத்தின் அலுவலக நடைமுறைக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம். மையத்தின் பெயரைப் போடவில்லை. இந்தச் சேவை எங்கே போனாலும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடக்கும், குறைகளும் கிட்டத்தட்ட இதேதான் என்று போய் வந்த மற்றவர்களும் சொல்கிறார்கள்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், “எல்லாம் நல்லாத்தான் பண்றா, ஆனா ஒரு மாதிரி” என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்களுக்காக. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. பேச்சு சீக்கிரமே வந்தது, படிப்பில் தொல்லை இல்லை, வேலை இருக்கிறது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் “லீவு எப்படிப் போச்சு?” என்று கேட்டால் எத்தனை வாக்கியத்தில் பதில் சொல்வது என்று இன்றைக்கும் மனசுக்குள் கணக்குப் போடுகிறேன். பள்ளியில் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அரை நொடி கழித்துச் சிரிக்கப் பழகியவள். கழுத்து லேபிளை வெட்டாமல் ஒரு சட்டையும் போட்டதில்லை. இதெல்லாம் ஒரே காரணத்தால் வருவதா, இல்லை ஒவ்வொன்றும் தனித்தனி கதையா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

முதலில் வருவது ஃபாரம். ஏக்யூ என்று ஒன்று, 50 கேள்விகள், 2001ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. அதில் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசக் கூறுகள் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ராட்ஸ்-ஆர் என்று இன்னொன்று, 80 கேள்விகள். அப்புறம் கேட்-க்யூ, 25 கேள்விகள், 2018ல் வந்தது, இது நம் இயல்பை எவ்வளவு மறைத்து நடிக்கிறோம் என்பதைக் கேட்கிறது. மூன்றுமே இணையத்தில் கிடைக்கும், நிறைய பேர் அங்கேயே போட்டுப் பார்த்து மார்க்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். அந்த மார்க்கை வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. கூட்டத்தைக் கண்டால் பதற்றம் வருகிறவர்களுக்கும், கவனக்குறைபாடு இருப்பவர்களுக்கும்கூட மார்க் ஏறும்.

இந்த ஃபாரங்களோடு எனக்குள்ள சண்டையே வேறு. “மற்றவர்களோடு இருப்பது எனக்கு எளிது” என்கிற ரகத்தில் கேட்டுவிட்டு, முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன் என்று கட்டம் கொடுத்தால் நான் என்ன செய்வது? எந்த மற்றவர்கள்? எத்தனை பேர்? தெரிந்தவர்களா, ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களா? எவ்வளவு நேரம்? ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தயாரித்த கேள்வித்தாளை, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஆட்களால் நிரப்ப முடியாதபடி எழுதியிருக்கிறார்களே என்று சிரிப்புதான் வந்தது. கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஓரத்தில் எல்லாம் பென்சிலால் “மூன்று பேர் வரை சரி, நாலாவது ஆள் வந்தால் யார் எப்போது பேசுவது என்று புரியாது” என்கிற மாதிரி எழுதித் தள்ளினேன். பிறகு அந்த சைக்காலஜிஸ்ட் டிக்குகளைவிட ஓரக் குறிப்புகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். நீங்கள் போவதாக இருந்தால் கட்டாயம் ஓரத்தில் எழுதுங்கள்.

இப்போது அலுவலகம். நேரம் வாங்க ஃபோன் செய்தே ஆக வேண்டும், மின்னஞ்சலுக்குப் பதிலே வராது. முதல் நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி: நாளைக்கு அறை மாற்றம், அரை மணி நேரம் தள்ளி வரவும். காத்திருக்கும் இடத்தில் டியூப் லைட் ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்க, அதற்குப் போட்டியாக டிவி. ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு வருகிறவர்களை உட்கார வைக்கிற அறையில்! உள்ளே போகும்போதே பாதி சக்தி போய்விட்டது. ஒருவேளை அதுவும் சோதனையின் பகுதியோ என்று கேட்டேன். இல்லையாம்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு தரம். பேச்சுத் திறன் உள்ள பெரியவர்களுக்கு ஏடாஸ்-2 என்ற சோதனையின் நான்காம் பகுதியைப் பயன்படுத்துகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்வது, நண்பன் என்றால் உங்களுக்கு யார், தனிமை என்றால் எப்படி இருக்கும் என்று பேசுவது, இப்படிப் போகும். எல்லாவற்றையும் விவரித்துவிட்டால் போகிறவர்களுக்குக் கெட்டுவிடும், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேச்சின் நடுவே அவர், “நானும் போன மாசம்தான் ஒரு பயணம் போய் வந்தேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். நான் தலையாட்டினேன். அமைதி. அவர் காத்திருக்கிறார். அப்புறம்தான் எனக்குள் அந்த விதி எழுந்தது: ஒருவர் தன்னைப் பற்றி ஒன்று சொன்னால் அதைப் பற்றித் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். “எப்படி இருந்துச்சு?” என்றேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே ஏதோ எழுதினார். ரிப்போர்ட்டில் பார்த்தால், பதில் கேள்வி தாமதமாக வருகிறது, இயல்பாக எழுவதைவிடக் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அச்சு அசலாக எழுதியிருந்தார். முப்பது வருடமாக யாரும் கண்டுபிடிக்காத அரை நொடியை ஒருவர் பார்த்துவிட்டார். இதற்குத்தான் அந்த நாலரை.

இதிலே ஒரு எச்சரிக்கை உண்டு. என்னைப் போல விதிகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தச் சோதனையில் எல்லைக் கோட்டுக்குக் கீழே போய்விட வாய்ப்பு இருக்கிறது. இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பார்ப்பவரின் கண்ணும் கேட்கிற கதையும்தான் கருவி. அதனால் ஒரே சோதனையின் எண்ணை வைத்து “உங்களுக்கு இல்லை, போங்கள்” என்று அனுப்பும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அதேபோல அரை மணி நேரம் பேசிவிட்டு “இருக்கு” என்று சொல்லும் இடத்தையும் நம்பாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி நான் பேசாத பகுதி. என் அனுமதியோடு அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அறிகுறிகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் சமூகம் கேட்பது நம்மால் முடிவதைத் தாண்டும் வரை அவை முழுசாக வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் நாலு ஐந்து வயதில் எப்படி விளையாடினாள், எதையாவது சுட்டிக் காட்டினாளா என்றெல்லாம் கேட்கிறார்கள். அம்மா பிறகு எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தார். “நல்ல குழந்தைங்க, தொந்தரவே கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் அவங்க டெலிபோன் டைரக்டரியை எடுத்து வெச்சு ஓரமா உக்காந்து படிச்சிட்டிருப்பா.” மற்ற குழந்தைகள் விளையாடினால்? “அவங்க விளையாட்டுக்கு ரூல்ஸ் எழுதிக் குடுப்பா. விளையாட மாட்டா.” இது உங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லையா என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்: “இதுல என்ன வித்தியாசம், நானும் அப்படித்தான் இருந்தேன்.”

ஆட்டிசத்தில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்று படித்திருந்தேன், ஆனால் வீட்டில் யாருக்குமே நான் வித்தியாசமாகத் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பெற்றோர் இல்லாதவர்கள், அல்லது அவர்களிடம் சொல்ல விரும்பாதவர்கள் பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டு, அண்ணன் அக்கா சொல்லும் கதை, டைரி என்று கையில் இருப்பதைக் கொண்டு போகலாம், ஏற்றுக்கொள்கிறார்கள்.

சத்தம், வெளிச்சம், துணி பற்றியும் விவரமாகக் கேட்டார்கள். இந்தப் புலன் சமாச்சாரம் அந்தக் கையேட்டின் அளவுகோல்களில் சேர்ந்ததே 2013ல்தான். அதற்கு முந்தைய பதிப்பில் ஆட்டிசமும் ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைபாடும் ஒரே ஆளுக்கு இருப்பதாக எழுதக்கூட விதி இடம் கொடுக்கவில்லை. உங்களை யாராவது பல வருடம் முன்னால் பார்த்து “இல்லை” என்று சொல்லியிருந்தால், எந்த வருடம் சொன்னார்கள் என்று பாருங்கள்.

முடிவு: ஆட்டிசம், லெவல் 1. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அந்தக் கையேடு 1, 2, 3 என்று லெவலாகப் பிரிக்கிறது, 1 என்றால் இருப்பதிலேயே குறைவு. லெவல் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாகத் தூங்கிய நாளின் நானும், மூன்று மீட்டிங் முடிந்து குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நானும் ஒரே எண் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11ல் இந்த 1, 2, 3 இல்லை, அறிவுத்திறன் வளர்ச்சியையும் மொழிப் பயன்பாட்டையும் வைத்துப் பிரிக்கிறார்கள். அதுவும் முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

ரிப்போர்ட்டின் முதல் பாதி அருமை, என்னைப் பற்றியது. பரிந்துரைப் பகுதி வந்ததும் யாருக்கோ எழுதியதை ஒட்டியிருப்பது பளிச்சென்று தெரிகிறது. “சமூகத் திறன் பயிற்சி” என்று போட்டிருந்தார்கள். ஐயா, என் பள்ளிக் காலம் முழுக்க அதுதான் நடந்தது! டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012லேயே எழுதிவிட்டார்: நாங்கள் மற்றவர்களைப் புரிந்துகொள்ளாதது போலவே அவர்களும் எங்களைப் புரிந்துகொள்வதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. 2020ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்ல வைத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை மற்றவர்கள் வரிசைக்குக் கொஞ்சமும் குறையாமல் விவரத்தைக் கடத்தியது. இவ்வளவு நடந்த பிறகும் பயிற்சி எங்களுக்கு மட்டும்தானா?

அதே பகுதியில் ஒரு பக்கம் மட்டும் தப்பித்தது, அலுவலகத்தில் கொடுப்பதற்கானது. வேலையை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுக்கவும், மீட்டிங்கில் பேசப்போவதை முன்கூட்டியே அனுப்பவும், நடைபாதை ஓரத்தில் இருக்கை வேண்டாம். எளிமையாக இருக்கிறது, மேனேஜர் மறுபேச்சு இல்லாமல் செய்துகொடுத்தார். இந்த ஒரு பக்கம் உங்கள் ரிப்போர்ட்டில் வருமா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய குறை. முடிவைச் சொல்ல ஒரு வீடியோ கால், “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றார்கள், இல்லை என்றேன். எனக்குக் கேள்விகள் எப்போதும் பத்து நாள் கழித்துத்தான் வரும், அவர்கள் எழுதிய ரிப்போர்ட்டிலேயே அது இருக்கிறது. வந்தபோது கேட்க ஆள் இல்லை. பழைய நினைவுகள் ஒவ்வொன்றும் புது அர்த்தத்தோடு வரிசையாக வந்து நிற்கும் அந்த வாரங்களில் கொஞ்சம் கோபமும் வருகிறது, கொஞ்சம் அழுகையும் வருகிறது. அதற்கு இன்னொரு சந்திப்பை இந்தச் சேவைக்குள்ளேயே சேர்த்திருக்க வேண்டும்.

கருத்துப் படிவம் அனுப்பினார்கள். டிவி, டியூப் லைட், கடைசி நேர மாற்றம், ஃபோன் என்று எல்லாவற்றையும் எழுதினேன், தயவுசெய்து மின்னஞ்சலில் பதில் தரவும் என்றும் சேர்த்தேன். டிவியை எடுத்துவிட்டார்களாம். ஃபோன் செய்து சொன்னார்கள்.