எடை குறைந்த கிராங்க் புல்லி: பிக்கப் கூடுமா, என்ஜின் தாங்குமா?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் பொருந்தி, என்ஜினின் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்தான் கிராங்க் புல்லி. காரிலிருந்து கழற்றிய பழைய புல்லியை ஒரு கையிலும், அதற்கு மாற்றாக விற்கப்படும் அலுமினியப் புல்லியை மறு கையிலும் தூக்கிப் பார்ப்பவருக்கு உடனே வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். முதலாவது இரண்டரைக் கிலோ கனக்கிறது என்றால், இரண்டாவது அரைக் கிலோதான் இருக்கும். என்ஜின் சுழற்றவேண்டிய எடை இரண்டு கிலோ குறைகிறது என்றால் அந்த அளவுக்கு வேகம் கூடத்தானே வேண்டும் என்ற வாதம் பொய்யானதன்று. ஆனால் எவ்வளவு கூடும், அதற்கு ஈடாக எதை இழக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடக்கூடாது. கம்பெனிப் புல்லியையே வைத்துக்கொள்வது, அதே அளவில் எடை குறைந்த புல்லி போடுவது, விட்டம் சிறிய புல்லி போடுவது, புல்லியைத் தொடாமல், கிராங்க் தண்டின் மறுமுனையில் கிளட்ச்சை ஒட்டிச் சுழலும் கனமான வட்டான ஃப்ளைவீலின் எடையைக் குறைப்பது என நம் முன் இருக்கும் வழிகளை அந்தக் கேள்விகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலில் கணக்கு. சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது தன் சுழற்சி வேகம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு, அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதன் இருமடியையும் பொறுத்தது. ஏழு செண்டிமீட்டர் ஆரமுள்ள புல்லியில் இரண்டு கிலோ குறைந்தால், அதைச் சீரான வட்டாகக் கொண்டு கணக்கிடும்போது, முதல் கியரில் அது காரின் மொத்த எடையில் ஏறத்தாழ 11 கிலோவைக் குறைத்ததற்குச் சமம். மொத்தக் கியர் விகிதம் 14 (சக்கரம் ஒருமுறை சுழல என்ஜின் 14 முறை சுழல்கிறது) என்றும், சக்கரத்தின் ஆரம் 30 செண்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டு வரும் விடை இது. அதே புல்லி மூன்றாம் கியரில் ஒன்றரைக் கிலோவுக்கும் ஐந்தாம் கியரில் அரைக் கிலோவுக்கும்தான் சமம். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் முதல் கியரில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆதாயம் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கிடைப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம்.

குதிரைத்திறனாகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். முதல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.-இலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) 6,000 வரை இரண்டு விநாடிகளில் ஏறும் என்ஜினில், அந்த இரண்டு கிலோவைச் சுழற்றி வேகப்படுத்த அதிகபட்சம் அரைக் குதிரைத்திறனுக்குச் சற்றே கூடுதலாகச் செலவாகிறது. 106 குதிரைத்திறன் கொண்ட பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரில் ஓட்டுநரின் முதுகு இதை உணராது. நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டும்போது ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறுவது உண்மைதான். அப்போது என்ஜினுக்குக் காரின் எடை சுமையாக இல்லை என்பதால் சிறிய மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. வாங்கியவர்கள் பலர் “பிக்கப் ஏறிவிட்டது” என்று மனதாரச் சொல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

காரின் திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஐந்து குதிரைத்திறன் கூடியதாகக் காட்டும் வரைபடங்களையும் கவனத்தோடு பார்க்கவேண்டும். கனமான உருளையைச் சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடும் டைனோ, சுழலும் பாகங்களின் எடை குறைந்தால் அதையும் திறன் கூடியதாகவே காட்டும். என்ஜினை ஒரே ஆர்.பி.எம்.-இல் பிடித்துநிறுத்தி முறுக்குவிசையை அளக்கும் பிரேக் வகை டைனோவில் இந்த ஆதாயம் தெரியாது. ஏனெனில் எடை குறைந்த புல்லி புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை, வேகம் கூடும்போது வீணாகும் திறனில் சிறிதளவை மிச்சப்படுத்துகிறது. தவிர, இரு ஓட்டங்களுக்கிடையே என்ஜினின் சூடும் காற்றின் வெப்பமும் மாறினாலே எண்கள் சற்று மாறிவிடும்.

இனி, இழப்பதைப் பார்ப்போம். பல என்ஜின்களில் கிராங்க் புல்லி பெல்ட்டை ஓட்டும் வட்டு மட்டுமன்று. முன்பக்கத்திலிருந்து பார்த்தால், நடுவில் உள்ள இரும்புக் குமிழுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே விரல் நகத்தின் அகலத்தில் கறுப்பான ரப்பர் வளையம் ஒன்று தெரியும். பிஸ்டன் ஒவ்வொன்றும் எரிப்பின்போது கிராங்க் தண்டை ஓர் அடி அடிக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் 6,000 ஆர்.பி.எம்.-இல் ஓடும்போது விநாடிக்கு 200 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தண்டு நூலிழையளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. தண்டின் இயல்பான அதிர்வெண்ணோடு இந்த அடிகளோ அவற்றின் மடங்குகளோ ஒத்துப்போகும் ஆர்.பி.எம்.-இல் முறுக்கம் பெருகும். அப்போது ரப்பரில் மிதக்கும் கனமான வெளி வளையம் எதிர்த்திசையில் இழுத்து அந்த முறுக்கு அதிர்வை வெப்பமாக மாற்றிவிடுகிறது. அந்த வளையத்தின் எடை வீண் எடையன்று. அதன் வேலையே அந்த எடைதான். இந்தச் சிக்கல் புதியதுமன்று. நீண்ட கிராங்க் தண்டுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின்களுக்காக ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டேம்பர் எனப்படும் அதிர்வு தணிப்பியை உருவாக்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

தண்டு நீளமாக இருந்தால் ஆபத்தும் கூடும். நேர்வரிசை ஆறு சிலிண்டர் கொண்ட நிஸானின் ஆர்பி26 என்ஜினில், கிராங்க் தண்டின் முன்முனையிலேயே சுழலும் ஆயில் பம்ப் கியர் அதிக ஆர்.பி.எம்.-இல் உடைவதைப் பந்தயக்காரர்கள் நன்கு அறிவார்கள். அதனால்தான் அவர்கள் அந்த என்ஜினுக்கு இன்னும் சிறந்த டேம்பரைத் தேடிப் பொருத்துகிறார்கள். நான்கு சிலிண்டரின் குட்டையான தண்டு உறுதியானது. நாள்தோறும் ஊருக்குள் 3,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டாமல் ஓடும் காரில் ரப்பரில்லாத புல்லி பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடவும் கூடும். ஆனால் புல்லியை மாற்றுபவர் ஊருக்குள் மெதுவாக ஓட்டுவதற்காகவா மாற்றுகிறார்? அவர் போக விரும்பும் உயர் ஆர்.பி.எம்.-இல்தான் டேம்பர் மிகவும் தேவைப்படுகிறது. கம்பெனியிலிருந்தே ரப்பர் இல்லாத வெறும் வார்ப்பிரும்புப் புல்லியோடு வரும் சிறிய என்ஜின்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை; அங்கே அலுமினியப் புல்லி போடுவதை நான் தடுக்கமாட்டேன். புல்லியிலேயே கிராங்க் தண்டின் சுழற்சியை அறியும் சென்சாருக்கான பற்கள் வெட்டப்பட்டிருந்தால், மாற்றுப் புல்லியிலும் அவை அதே இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

விட்டம் சிறிய புல்லியின் கதை வேறு. அது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றை மெதுவாகச் சுழலவைத்து உண்மையாகவே திறனை மிச்சப்படுத்துகிறது. பம்ப் இழுக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடியில் மாறுவதால், வேகம் 20 சதவீதம் குறைந்தால் வாட்டர் பம்ப் இழுப்பது ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் ஐடிலிங்கில் (கார் நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது) 2,000 ஆர்.பி.எம்.-இல் சுழன்ற ஆல்டர்னேட்டர் இப்போது 1,600-இல் சுழலும். சித்திரை வெயிலில் ஏசியும் ரேடியேட்டர் விசிறியும் ஓட சிக்னலில் நிற்கும் காரில், மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் அதே வேளையில் மின் உற்பத்தி அடிமட்டத்தில் இருக்கும். பேட்டரி கரையும், ஏசிக் காற்றின் குளிர்ச்சியும் குறையும். ஏசியைக் கழற்றிவிட்டு எப்போதும் உயர் ஆர்.பி.எம்.-இல் ஓடும் டிராக் காருக்கு இது பொருந்தும். குடும்பக் காருக்குப் பொருந்தாது. ஸ்டீயரிங்குக்கும் மின்மோட்டார் வந்துவிட்ட புதிய கார்களில் மிச்சப்படுத்தவும் அதிகம் இல்லை. 2009-இல் வந்த டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட் காரில் வாட்டர் பம்பும் ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தப் பெல்ட்டே கிடையாது.

“புல்லியை மாற்றினால் பவர் ஏறும்” என்ற பேச்சுக்கு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் கொண்ட கார்களும் ஒரு காரணம். பழைய மினி கூப்பர் எஸ் காரில் சூப்பர்சார்ஜர் புல்லியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுழன்று கூடுதல் காற்றை அழுத்தும். திறன் கூடுவது அந்தக் காற்றால்தான், எடையால் அன்று.

பிக்கப்தான் குறி என்றால் ஃப்ளைவீலைப் பார்ப்பதே முறை. 12 செண்டிமீட்டர் ஆரத்தில், விளிம்பிலிருந்து மூன்று கிலோவைக் குறைத்தால், மேலே சொன்ன அதே காரில் முதல் கியரில் அது 94 கிலோவுக்குச் சமம். புல்லி தருவதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். கியர்பாக்ஸை இறக்கவேண்டும் என்பதால் கூலி அதிகம். ஆகவே கிளட்ச் மாற்றும் நேரத்தில் சேர்த்துச் செய்வது நல்லது. ஐடிலிங்கில் நடுக்கம் கூடும், ஏற்றத்தில் ஆள்நிறைந்த காரை எடுக்கும்போது என்ஜின் அணைந்துபோகவும் வாய்ப்புண்டு. என்றாலும் முன்முனையில் டேம்பர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதால் இந்த மாற்றத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

புல்லிக்கென்றே பணம் ஒதுக்கியவர்கள் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பழைய புல்லியின் நடுக்குமிழிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம் வரை வெள்ளைப் பெயிண்டால் நேர்க்கோடு இழுத்துவிட்டு, சில மாதம் ஓட்டிப் பாருங்கள். பதினைந்து ஆண்டு ஓடிய என் காரில் அந்தக் கோடு இரண்டாக வெட்டுப்பட்டு, வெளிப்பாதி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. ரப்பர் வெடித்து, விளிம்பில் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அலுமினியப் புல்லிக்கு எடுத்துவைத்திருந்த பணத்தில் கம்பெனியின் புதிய டேம்பர் புல்லியையே வாங்கிப் பொருத்தினேன். ஐடிலிங்கில் ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் அன்றே நின்றது.