காலால் க்யூப் சால்வ் செய்பவர்களுக்கு: மோயு ஆர்எஸ்3எம் 2020

மோயு ஆர்எஸ்3எம் 2020 என்ற இந்த ரூபிக்ஸ் க்யூபைப் பற்றிக் கையால் சால்வ் செய்கிறவர்கள், அதாவது கலைந்த நிறங்களைச் சேர்க்கிறவர்கள், நிறைய சொல்லிவிட்டார்கள். நான் காலால் செய்கிறவன். கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் இதுதான் வேலை. காலுக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம் காந்தம். கைவிரல் க்யூபின் ஒரு தட்டை, அதாவது ஒரு அடுக்கைத் திருப்பினால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும். கால் கட்டைவிரலுக்கு அந்தக் கணக்கு வராது. கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடும், இல்லை தாண்டிப் போய்விடும். தட்டு கோணலாக நின்றால் அடுத்த தட்டு முட்டிக்கொண்டு நகராது. கையில் என்றால் விரலால் லேசாகத் தட்டிச் சரிசெய்துவிடலாம். காலில் அந்த ஒரு திருத்தத்துக்கே நேரம் ஓடிவிடும். ஆர்எஸ்3எம்-இல் துண்டுகளுக்குள் சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கின்றன. கட்டைவிரல் கிட்டத்தட்ட சரியாகத் தள்ளினால் போதும், மீதியை 'டக்'கென்று காந்தமே இழுத்துக்கொள்ளும். அந்தச் சின்ன அதிர்வு பாதத்தில் தெரியும். குனிந்து பார்க்காமலே அடுத்த திருப்பத்துக்குப் போகலாம்.

அடுத்தது இறுக்கம். வேகத்துக்காகப் பலரும் தளர்வாக வைப்பார்கள். காலுக்கு அது ஆகவே ஆகாது. பாதம் அழுத்துகிற அழுத்தில் ஒரு மூலைத்துண்டு நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எந்த அல்காரிதம் (திருப்பும் வரிசை) போட்டாலும் க்யூப் முடியாது. இதில் நடுத்துண்டின் மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூவையும் ஸ்பிரிங் அழுத்தத்தையும் தனித்தனியாக மாற்றலாம். ஆறு பக்கமும் ஒரே அளவுக்கு, கொஞ்சம் இறுக்கமாகவே வையுங்கள்.

க்யூபுக்குச் சமமாகத் தரையும் முக்கியம். டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டால் அடித்தட்டு நன்றாகப் பிடித்து நிற்கும். நம் ஊர் கடற்காற்றுக்குப் பாதம் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும், அதனால் பக்கத்தில் ஒரு துண்டு வேண்டும். பவுடர் போடாதீர்கள், அது உள்ளே இறங்கி, வழுக்கலுக்காகப் போடுகிற சிலிக்கோன் எண்ணெயோடு குழம்பிவிடும். தேவனாம்பட்டினம் பீச்சுக்கு எடுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். மணல் ஏறினால் மொத்தத்தையும் பிரித்துக் கழுவ வேண்டியதுதான்.

"கை நல்லாத்தானே இருக்கு, ஏண்டா காலால நோண்டுற?" என்று ஆயா கேட்டுக்கொண்டே இருப்பார். நண்பர்கள் கேட்பது வேறு: போட்டியே இல்லாததற்கு எதற்குப் பயிற்சி? உண்மைதான், உலக க்யூப் சங்கம் 2020 தொடக்கத்திலிருந்து கால் பிரிவை எடுத்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு, 2019 டிசம்பரில், மும்பைப் போட்டியில் முகமது ஐமான் கோலி காலால் 15.56 வினாடியில் முடித்தார். பிரிவே போய்விட்டதால் சங்கத்தின் பட்டியலில் அதுதான் கடைசிச் சாதனை, அதுவும் நம் நாட்டுக்காரர் கையில். கையால் 2023-இல் மேக்ஸ் பார்க் 3.13 வினாடியில் முடித்தார், அதைக்கூடப் பிறகு உடைத்துவிட்டார்கள். 15.56-ஐ அங்கே யாரும் தொட முடியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரிய செலவே இல்லாத ஒரு பிரிவை மூடியிருக்க வேண்டாம். கின்னஸில் இன்னும் காலுக்கு இடம் இருக்கிறது. என் கண் அதன் மேல்தான். இப்போதைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்தாலே பெரிது. ஆனால் வருவேன்.

ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன், கொடுத்த காசுக்கு நிறைவாக இருக்கிறது. ஐந்தரை சென்டிமீட்டர் அளவு என் பாதத்துக்குப் பொருத்தம். உங்களுக்குப் பெரிய கால் என்றால் நண்பர்களுடையதைக் காலடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் ஒட்டாத வகையையே எடுங்கள். நகம் பட்டு உரிய அதில் ஒன்றும் இல்லை.