டிவியில் விற்ற 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர்: 4 வருடம், 2 பெல்ட்

டெலிஷாப்பிங் கிரைண்டர் விலை இறங்கிவிட்டதாமே, வாங்கலாமா என்று மன்னார்குடிப் பக்கமிருந்து கேட்கிறார்கள். மெஷின் பழைய மெஷின்தான். அதை விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் இப்போது திரையில் இல்லை. என் குறையே அதுதான்.

அவர் சொன்னதில் பாதி மேனுவலில் கிடையாது. காலி டிரம்மை ஓடவிட்டு, உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடச் சொல்வார். மொத்தமாகக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் கல் சிக்கும், பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். இட்லி அரிசி 4 பங்கு, உளுந்து 1. அரிசி 4 மணி நேரம் ஊறணும், உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். தண்ணீர் தெளித்துத் தெளித்து உளுந்தை 30 நிமிடம் ஓட்டணும். ஒரு சொட்டு மாவு தண்ணீரில் மிதந்தால் பதம். பங்குனியில் நம் வயலில் நெல்லுக்குப் பின் விளைகிற தரிசு உளுந்து புதுசாக வரும்போது மாவு கூடுதலாகக் காணும், உளுந்தைக் கொஞ்சம் குறைக்கலாம். இப்போது வருகிற தம்பி 2 நிமிடம் சுற்றவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து பொங்கின மாவை எடுத்து வைக்கிறார்!

அடி மூடியைக் கழற்றி பெல்ட்டைக் கேமராவுக்குக் காட்டி விற்றவர் அந்த அம்மா. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கணும். ஓர் அங்குலம் போனால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தம்பியோ 'பெல்ட் தொல்லையே இல்லை' என்கிறார். 4 வருடத்தில் 2 பெல்ட் மாற்றியாயிற்று, ஐயா.

கழுவும்போதும் கவனம். தண்ணீர் நடுத்தண்டுக்கு மேலே ஏறினால் பேரிங்கில் இறங்கித் துருப்பிடிக்கும், பிறகு கிறீச் கிறீச்தான். 2 டம்ளர் தண்ணீர் விட்டு 1 நிமிடம் ஓட்டி, சாய்த்து வடித்தால் போதும்.

பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிற ஊரென்றால் அந்த நேரத்தைத் தவிர்த்து அரைங்க. உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணைக்கணும், இல்லையென்றால் மோட்டார் காயில் கருகிவிடும். வோல்டேஜ் சரியாக இருந்தும் காலி டிரம்மை ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்புகிறதா? பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கபாசிட்டர்தான் போயிருக்கும். அதற்கு மோட்டாரையே மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் மெஷினை விட்டுவிட்டு வராதீங்க.

மாவுக்கு மட்டும் மார்க் என்றால் 10க்கு 9. மிக்ஸியில் அரைத்தால் மாவு இப்படிப் பொங்காது, கல்லும் இன்னும் தேயவில்லை.

ஆனாலும் வாங்காதீங்க. வாங்கியே ஆகணும் என்றால் கும்பகோணத்தில் ஏதாவது கடையில், அடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்க. மாட்டேன் என்றால், அந்த அம்மா எந்த சேனலுக்குப் போனார் என்று விசாரித்து எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.